ஐ.பி.ஏ-வில் சேர்ந்தால் மெடிக்கல் கவுன்டரில் நிற்கிறவர்களுக்கு என்ன கிடைக்கும்?

கவுன்டர்_கவி (திண்டுக்கல்) கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். பி.ஃபார்ம் முடித்து இரண்டு வருடம் ஆகிறது, ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மெடிக்கலில் வேலை. காலை ஒன்பதரைக்கு ஷட்டர் தூக்கினால் இரவு பத்துக்குத்தான் இறக்குவோம், நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம், அதுவும் கூட்டம் இருந்தால் கிடையாது.

கூடப் படித்த ஒருத்தி பெங்களூரில் மருந்து கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறாள். அவள் போன வாரம் பேசும்போது, இந்தியன் பார்மசூட்டிகல் அசோசியேஷனில் (ஐ.பி.ஏ) உறுப்பினராகிவிடு என்று சொன்னாள். நான் ஏற்கெனவே தமிழ்நாடு ஃபார்மசி கவுன்சிலில் பணம் கட்டிப் பதிவு செய்திருக்கிறேன், நம்பர் இருக்கிறது, சர்டிபிகேட் கடைச் சுவரில் தொங்குகிறது. அப்புறம் இது எதற்கு? இரண்டும் ஒன்றா, வேறா? கம்பெனியில் இருக்கிற அவளுக்கு அது பயன்படலாம், எனக்கு என்ன செய்யும்?

இதைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. சம்பளம் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள் என்று முதலாளியிடம் போன மாதம் கேட்டேன். "உன் சம்பளத்தில் பாதி கொடுத்தால் சர்டிபிகேட்டை மட்டும் வாங்கி மாட்டிவிட்டு, பிளஸ் டூ முடித்த பையனை வைத்து ஓட்டிவிடுவேன். ஏதோ பழகின பிள்ளை என்று வைத்திருக்கிறேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, மாத்திரை அட்டையை வெட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். எங்கள் செட்டிலேயே சென்னையில் ஐ.டி வேலை பார்க்கிற ஒருத்தியின் சர்டிபிகேட் வேறு ஊர்க் கடை ஒன்றில் தொங்குகிறது, மாதாமாதம் அவள் கணக்குக்குப் பணம் வருகிறது. இதையெல்லாம் கேட்பதற்கு நாடு முழுக்க ஒரு சங்கம் இருக்கிறது என்றால் அது என்னதான் செய்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

மதுரை_மருந்தாளுநர்:

அம்மா, அரசு மருத்துவமனையில் முப்பது வருடம் மருந்து கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உன் கேள்வி நல்ல கேள்வி. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களைக் கம்பவுண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், அப்போது எனக்கும் இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது.

கவுன்சில் என்பது சட்டம் உண்டாக்கியது. 1948-இல் ஃபார்மசி சட்டம் வந்தது, அடுத்த வருடம் டெல்லியில் இந்திய ஃபார்மசி கவுன்சில் அமைந்தது. எந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம், பாடத்திட்டத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதை அது பார்க்கும். உன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுவதும் தேவைப்பட்டால் எடுப்பதும் மாநில கவுன்சில். நீ தப்பு செய்தால் உன்னிடமிருந்து நோயாளியைக் காப்பாற்றத்தான் அது இருக்கிறது. உனக்காகப் பேசுவது அதன் வேலை கிடையாது, அப்படி எதிர்பார்க்கவும் கூடாது.

சங்கம் நாமாகச் சேர்வது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், சட்டத்தை விடச் சங்கத்துக்கு வயது அதிகம். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1932-இல் ஃபார்மசிப் படிப்பைத் தொடங்கி வைத்த பேராசிரியர் எம்.எல்.ஷ்ராஃப்தான் இதற்கும் அடி போட்டவர். 1939-இல் ஐ.பி.ஏ, அதே வருடம் அதன் ஆய்விதழ். அப்போது இந்த நாட்டில் மருந்து கொடுப்பவனுக்கு என்ன படிப்பு வேண்டும் என்று ஒரு சட்டமும் கிடையாது, யார் வேண்டுமானாலும் கலக்கிக் கொடுக்கலாம். "இது ஒரு தொழில், இதற்கு ஒரு படிப்பு வேண்டும்" என்று சொல்ல ஒரு கூட்டம் வேண்டியிருந்தது. எனக்கு அந்தக் காலத்து ஆட்கள் மீது பெரிய மரியாதை உண்டு.

இன்றைக்கு அது என்ன செய்கிறது என்றால், தலைமையகம் மும்பையில், மாநிலக் கிளைகள் இருக்கின்றன. கம்பெனி, கல்லூரி, மருத்துவமனை, மருந்துக்கடை, மருந்துக் கட்டுப்பாடு என்று தனித்தனிப் பிரிவு. நவம்பரில் தேசிய ஃபார்மசி வாரம் நடத்துவார்கள். உலகளவில் எஃப்.ஐ.பி என்று ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, 1912-இல் நெதர்லாந்தில் தொடங்கியது, அதில் இந்தியாவின் குரல் ஐ.பி.ஏ வழியாகப் போகிறது. செப்டம்பர் 25-ஐ ஃபார்மசிஸ்ட் தினம் என்று கொண்டாடுகிறோமே, அது எஃப்.ஐ.பி பிறந்த நாள்தான்.

உன் மாதிரிக் கடையில் நிற்கிறவர்களுக்காகச் செய்ததிலும் ஒன்று சொல்கிறேன். காசநோய். இருமலுக்கு முதலில் ஜனங்கள் போவது டாக்டரிடம் இல்லை, மெடிக்கலுக்குத்தான். இதைப் புரிந்துகொண்டு மும்பையில் கடைக்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்று வந்தால் சிரப் கொடுத்து அனுப்பாதே, சளிப் பரிசோதனைக்கு அனுப்பு. டாட்ஸ் (நேரடிக் கண்காணிப்பில் கொடுக்கிற காசநோய்) மாத்திரையைக் கடையிலேயே கண் முன்னால் விழுங்க வை. 2012-இல் மத்திய அரசின் காசநோய்த் திட்டத்தோடு ஐ.பி.ஏ, ஃபார்மசி கவுன்சில், கடைக்காரர்கள் அமைப்பு எல்லாம் சேர்ந்து ஒப்பந்தமே போட்டார்கள். 2018 மார்ச்சில் காசநோய் மருந்து விற்கிற கடையும் அரசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்று அரசிதழில் வந்துவிட்டது. கவுன்டரில் நிற்கிறவனும் இந்தப் போராட்டத்தில் ஒரு ஆள் என்று அரசு ஏற்றுக்கொள்ள வைக்க யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் இல்லையா?

ஒன்று மட்டும் தெளிவாக இருக்கட்டும். சம்பளப் பேரம் பேசுகிற தொழிற்சங்கம் இல்லை இது. அதை மனதில் வைத்துக்கொண்டு சேர்.

---

சொந்தக்கடை_ஈரோடு:

மதுரை அண்ணன் சொன்ன வரலாறு எல்லாம் சரி. நான் கொஞ்சம் மனக்குறையோடு எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நானும் டி.ஃபார்ம், பன்னிரண்டு வருடமாகச் சொந்தக் கடை, ஐ.பி.ஏ உறுப்பினர். போகிற கூட்டத்தில் எல்லாம் மேடையில் இருப்பவர்கள் பேராசிரியர்கள், கம்பெனி அதிகாரிகள். மருந்தைத் தயாரிப்பது பற்றி மட்டும் நான் ஒரு நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருவேன். அவர்கள் அறிவாளிகள், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கிழவி பிடித்திருக்கிற மஞ்சள் கவரில் 1-0-1 (காலை ஒன்று, இரவு ஒன்று) என்று எழுதுகிற கை யாருடையது? அந்தக் கை அங்கே மேடையில் இல்லை.

கவி கேட்ட சர்டிபிகேட் வாடகை விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் என்னைப் பொறுத்தவரை சங்கத்துக்கு இதைவிடப் பெரிய வேலை ஒன்றும் கிடையாது. சட்டத்தில் ஓட்டையே இல்லை. ஃபார்மசி சட்டம் 42-வது பிரிவு, பதிவு பெற்ற ஃபார்மசிஸ்ட் தவிர வேறு யாரும் டாக்டர் சீட்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது. மருந்து விதிகளில் 65-வது விதி, ஃபார்மசிஸ்ட்டின் நேரடி மேற்பார்வையில்தான் கொடுக்க வேண்டும். ஆள் கடையில் இருக்க வேண்டும், சுவரில் கண்ணாடி போட்டு மாட்டின சர்டிபிகேட் போதாது. எல்லாம் எழுத்தில் இருக்கிறது. பிறகு ஏன் நடக்கிறது? கடைக்காரர்கள் மட்டும் காரணம் இல்லை, நம்மில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதால் நடக்கிறது. மருந்து ஆய்வாளர் (டிரக் இன்ஸ்பெக்டர்) எத்தனை கடை ஏறி இறங்குவார்? "என் சர்டிபிகேட்டை வாடகைக்கு விடமாட்டேன், விடுகிறவன் என் சங்கத்தில் இருக்க முடியாது" என்று ஒரு தேசியச் சங்கம் உறுப்பினர் படிவத்திலேயே கையெழுத்து வாங்கினால் எப்படி இருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இது சம்பளப் பிரச்சினை மட்டும் என்று நினைக்கிறவர்களுக்காக, நான் கண்ணால் பார்த்த ஒன்று. மூன்று வருடம் முன்பு, மழை பெய்து கடை காலியாக இருந்த ஒரு சாயங்காலம், அறுபது வயசு அம்மா ஒருவர் வந்து பி காம்ப்ளக்ஸ் கேட்டார். வாய் முழுக்கப் புண், தண்ணீர் கூடக் குடிக்க முடியவில்லை என்றார். எடுத்துக் கொடுத்து பத்து ரூபாய் வாங்கியிருக்கலாம். எதற்கோ, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டேன். முந்தானையில் முடிந்திருந்த கவரை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே மெத்தோட்ரெக்சேட். மூட்டுவாதத்துக்கு எழுதியிருக்கிறார்கள். டாக்டர் சீட்டில் வாரம் ஒருமுறை என்று தெளிவாக இருந்தது. வேறொரு கடையில் கொடுத்த கவரிலோ 0-0-1. தினமும் ராத்திரி. ஒன்பது நாளாகத் தினமும் விழுங்கியிருக்கிறார்.

ஆட்டோ பிடித்து நானே கூட்டிப் போனேன். ரத்த அணுக்கள் இறங்கிப் போயிருந்தன. அந்த மருந்தின் நச்சை முறிக்கிற லியூகோவோரின் ஊசி போட்டு, பத்து நாள் வார்டில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார், இப்போதும் என் கடைக்குத்தான் வருகிறார். அந்தக் கவரில் 0-0-1 எழுதியது ஒரு பையன். நல்ல பையன், சுறுசுறுப்பு, வாடிக்கையாளரிடம் மரியாதையாகப் பேசுவான். அவனுக்கு அந்த மருந்தை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சொல்லிக் கொடுக்கப்பட்டவரின் பெயர் மட்டும் அந்தக் கடைச் சுவரில் இருந்தது.

அந்த வருடம் ஃபார்மசி வாரக் கூட்டத்தில் கேள்வி நேரம் விட்டபோது நான் எழுந்து இதைச் சொன்னேன். ஐந்து நிமிடம் பேசியிருப்பேன். கூட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்தில் ஏழெட்டு கடைக்காரர்கள் என்னைச் சுற்றி நின்றார்கள். அன்றிலிருந்து அவர்களில் சிலர் மெத்தோட்ரெக்சேட் கவரில் எண் எழுதுவதில்லை. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்" என்று கிழமையைத் தமிழில் பெரிதாக எழுதுகிறார்கள், ஒரு மாதத்துக்கு நாலு தடவைக்கு வேண்டிய மாத்திரை மட்டும் எண்ணிக் கொடுக்கிறார்கள். சங்கம் என்றால் எனக்கு அந்த டீ குடிக்கிற நேரம்தான். அதனால்தான் குறை சொல்லிக்கொண்டே வருடா வருடம் போகிறேன்.

---

குரோய்டன்_குமரன்:

அண்ணே, அந்த மெத்தோட்ரெக்சேட் கதையைப் படித்துவிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் கோவையில் படித்து, இங்கே இங்கிலாந்துக்கு வந்து ஓஸ்பாப் (வெளிநாட்டில் ஃபார்மசி படித்தவர்களுக்கான படிப்பு) ஒரு வருடம், அப்புறம் பயிற்சி வருடம் முடித்து இப்போது லண்டன் பக்கம் சமுதாய மருந்தகத்தில் இருக்கிறேன். இந்த ஊரிலும் கவுன்சில் எது, சங்கம் எது என்ற குழப்பம் ரொம்ப காலம் இருந்தது, ஏனென்றால் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. 1841-இல் தொடங்கிய பார்மசூட்டிகல் சொசைட்டிதான் பதிவேட்டையும் வைத்திருந்தது, தொழிலுக்காகவும் பேசியது. தண்டிக்கிற கையும் தட்டிக்கொடுக்கிற கையும் ஒன்றாக இருந்தால் யார் மனம் விட்டுப் பேசுவார்கள்? 2010-இல்தான் பிரித்தார்கள். பதிவும் ஒழுங்கு நடவடிக்கையும் ஜெனரல் பார்மசூட்டிகல் கவுன்சிலுக்குப் போயின. பழைய சொசைட்டி, ராயல் பார்மசூட்டிகல் சொசைட்டி என்ற பெயரில், விருப்பப்பட்டவர்கள் சேர்கிற சங்கமாகத் தொடர்ந்தது. வேலை இடத்துப் பிரச்சினை, சம்பளம், வழக்கு என்றால் ஃபார்மசிஸ்ட்ஸ் டிஃபென்ஸ் அசோசியேஷன் என்று தனியாக இருக்கிறது.

சங்கம் என்ன செய்ய முடியும் என்பதற்கு இங்கே நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ப்ரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு மாத்திரை) கொடுக்க வேண்டிய இடத்தில் ப்ரொப்ரனோலால் (ரத்த அழுத்த மாத்திரை) கைமாறிப் போய்விட்டது. இரண்டு பெயரும் அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், நம் எல்லோருக்கும் தெரியும். அந்த மருந்தாளுநருக்கு 2009-இல் மூன்று மாத சிறைத்தண்டனை விதித்து அதை நிறுத்தி வைத்தார்கள், மேல்முறையீட்டில்தான் அபராதமாகக் குறைந்தது. வேண்டுமென்று செய்யாத ஒரு கைத்தவறு, அதற்குக் குற்ற வழக்கு. அதற்குப் பிறகு யார் தன் தவறை வெளியே சொல்வார்கள்? மறைக்கத்தான் பார்ப்பார்கள், மறைத்தால் நோயாளிக்குத்தான் ஆபத்து. இதை வைத்து சங்கங்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தன. 2018 ஏப்ரலில் சட்டம் மாறியது, இப்போது வேண்டுமென்று செய்யாமல், தெரியாமல் நடந்த தவறை உடனே நோயாளிக்குத் தெரியப்படுத்தி ஒப்புக்கொண்டால் மருந்தாளுநர் தன்னைக் காத்துக்கொள்ள வழி இருக்கிறது. ஒன்பது வருடம் ஆனது. ஒரு தனி ஆள் ஒன்பது வருடம் ஒரு விஷயத்தைத் தூக்கிச் சுமக்க முடியாது கவி, அதற்குத்தான் சங்கம்.

நம் ஊரில் அதே மாதிரி வேலை இப்போது கண்ணெதிரே இருக்கிறது. 2023 நவம்பரில் தேசிய ஃபார்மசி ஆணையம் என்று ஒரு மசோதா வரைவை வெளியிட்டுப் பொதுக் கருத்துக் கேட்டார்கள், 1948 சட்டத்துக்குப் பதிலாக. அந்த மாதிரி ஆவணத்தை வரி வரியாகப் படித்து, இந்த இடத்தில் கடை ஃபார்மசிஸ்ட்டுக்குப் பிரதிநிதி இல்லை, அந்த இடத்தில் இது வேண்டும் என்று எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். இரவு பத்து மணிக்கு ஷட்டர் இறக்கிவிட்டு வருகிற நீங்கள் தனியாக அதைச் செய்ய முடியாது. ஆனால் நீங்கள் உள்ளே இல்லாவிட்டால் எழுதிக் கொடுக்கிறவருக்குக் கடையில் என்ன நடக்கிறது என்றே தெரியாது.

---

தொழிலாளர்_பக்கம்:

நான் ஃபார்மசிஸ்ட் இல்லை, தொழிலாளர் வழக்குகள் பார்க்கிறவன். வேலை நேரத்தைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

இதற்கு எந்தச் சங்கத்துக்கும் காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 இருக்கிறது. வழக்கமான வேலை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் என்றால் ஓவர்டைம் தர வேண்டும், அதற்கும் ஒரு வரம்பு உண்டு. நீங்கள் சொல்வது பன்னிரண்டு மணி நேரம், கணக்கே ஒத்து வரவில்லை. 2021-இல் இன்னொரு திருத்தம் வந்தது, கடையில் வேலை செய்கிறவர்கள் உட்காருவதற்கு இருக்கை இருக்க வேண்டும். உங்கள் கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா? இல்லையென்றால் அதையும் சேர்த்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம். வருகிற நேரமும் போகிற நேரமும் தினமும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள், பிறகு உதவும்.

இன்னொன்று, குழப்பிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக. ஏ.ஐ.ஓ.சி.டி என்று ஒன்று கேள்விப்பட்டிருப்பீர்கள், ஆன்லைன் மருந்து விற்பனையை எதிர்த்து 2018 செப்டம்பர் 28-இல் நாடு முழுக்கக் கடையடைப்பு நடத்தியது. அது கடை முதலாளிகளின் அமைப்பு. அவர்கள் தரப்பை அவர்கள் பேசுகிறார்கள், தப்பில்லை. உங்கள் சம்பளம் அங்கே பேசப்படாது.

---

கவுன்டர்_கவி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் உட்கார்ந்து எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஸ்டூல் இருக்கிறது, அதில் குளுக்கோஸ் பாட்டில் பெட்டி அடுக்கியிருக்கிறது. இன்று காலை பெட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். முதலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நேரக் கணக்கு நோட்டு இன்றிலிருந்து.

ஈரோடு அண்ணா, நீங்கள் எழுதினதைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி கடையில் மெத்தோட்ரெக்சேட் வாங்கினவர்களின் பில்லை எல்லாம் தேடி எடுத்தேன். போன மூன்று மாதத்தில் ஆறு பேர். நாலு பேரின் போன் நம்பர் பில்லில் இருந்தது, கூப்பிட்டுப் பேசினேன். மூன்று பேர் வாரம் ஒருமுறைதான் சாப்பிடுகிறார்கள். ஒருவர், நத்தம் பக்கத்து ஐயா, வாரத்தில் இரண்டு நாள் சாப்பிடுகிறாராம், "வலி ஜாஸ்தியா இருந்தா சேர்த்துப் போட்டுக்குவேன்மா" என்கிறார். இன்றைக்கே மகனைக் கூட்டிக்கொண்டு டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். மற்ற இரண்டு பேருக்கு நம்பர் இல்லை, அடுத்த முறை வரும்போது பார்க்க வேண்டும், பெயரை எழுதிக் கவுன்டரில் ஒட்டியிருக்கிறேன்.

நவம்பர் ஃபார்மசி வாரக் கூட்டத்தில் இதைச் சொல்லலாமா? நான் சின்னப் பெண், கடையில் வேலை பார்க்கிறவள், பேச விடுவார்களா என்று தெரியவில்லை. உறுப்பினர் படிவத்தைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன், பூர்த்தி செய்து அனுப்பப் போகிறேன்.

---

சொந்தக்கடை_ஈரோடு:

பேச விடுவார்கள் தங்கச்சி, கேள்வி நேரத்தில் கை தூக்கினால் போதும், நானும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு வேலை. அந்த நத்தம் ஐயா விஷயத்தைத் மருந்தால் வருகிற கெடுதல்களைப் பதிவு செய்கிற தேசிய மருந்துப் பாதுகாப்புத் திட்டத்துக்கு, அதான் பி.வி.பி.ஐ, தெரியப்படுத்திவிடு. 1800-180-3024, கட்டணம் கிடையாது. டாக்டர்தான் சொல்ல வேண்டும் என்றில்லை, ஃபார்மசிஸ்ட்டும் சொல்லலாம். மருந்தின் பேட்ச் நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடு, கேட்பார்கள்.